டோக்கியோவில் சரக்கெடுக்கப் போகிறவர் எங்கே தங்குவது?

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் சரக்கெடுக்க வரும் வியாபாரி ஒருவர், சௌகார்பேட்டையில் வேலையை வைத்துக்கொண்டு அடையாறில் அறை எடுத்தால் நாம் என்ன சொல்வோம்? "ஏன் அண்ணாச்சி, எழும்பூரில் லாட்ஜே கிடைக்கவில்லையா?" என்று கேட்போம். ஆனால், டோக்கியோவுக்குப் போகும்போது அதே தவற்றை நம்மவர்கள் செய்கிறார்கள். முதல் பயணத்தில் நாங்களும் செய்தோம்.

பெயர் கேள்விப்பட்ட இடம் என்பதற்காக ஷின்ஜுகுவில் அறை எடுத்தோம். அது நகரின் மேற்குப் பக்கம். உயர்ந்த கட்டடங்கள், இரவெல்லாம் வெளிச்சம், உலகிலேயே மிக அதிகமான பயணிகள் வந்துபோகும் ரயில் நிலையம். ஆனால் நாங்கள் வாங்க வேண்டிய சரக்கில் ஒரு பொட்டலம்கூட அங்கே இல்லை. மொத்த வியாபாரத் தெருக்கள் கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றன. போதாக்குறைக்குச் சனிக்கிழமை மாலை போய் இறங்கினோம். மறுநாள் ஞாயிறு. நமக்கு தி.நகரில் ஞாயிறுதான் கல்லா நிறையும் நாள். அங்கோ மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு விடுமுறை. இறக்கிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஒரு நாள் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எந்தச் சரக்கின் விலையில் ஏற்றுவது?

ஆகவே முதலில் என்ன வாங்கப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பிறகே விடுதியைத் தேட வேண்டும். பாத்திரம், கத்தி, உணவகச் சாமான்கள் என்றால் கப்பாபாஷி. உயேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவே சுமார் 800 மீட்டர் நீளத்துக்குச் சமையலறைச் சாமான் கடைகளே வரிசையாக இருக்கும் தெரு அது. ஜன்னலில் வைக்கும் பிளாஸ்டிக் உணவு மாதிரிகளும் அங்கே கிடைக்கும். துணி என்றால் நிப்போரி. பாசிமணி, பொம்மை, பேக்கிங் சாமான்களுக்கு அசகுசாபாஷி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் யோகோயாமாச்சோ; ஆயத்த ஆடை மொத்தக் கடைகள் நிறைந்த பகுதி. அங்கே பல கடைகளில் சில்லறைக்கு ஆளை உள்ளேயே விட மாட்டார்கள். விசிட்டிங் கார்டு கட்டாயம் கையில் இருக்க வேண்டும். நகை, கற்கள் என்றால் ஒகாச்சிமாச்சி.

இவை அனைத்துக்கும் பக்கத்தில் இருப்பது உயேனோ. நகரைச் சுற்றி வட்டமாக ஓடும் யமனோத்தே ரயில் பாதையில் மொத்தம் 30 நிலையங்கள். ஒரு சுற்று சுமார் ஒரு மணி நேரம். அதில் உயேனோவிலிருந்து ஒகாச்சிமாச்சி அடுத்த நிலையம், நிப்போரி மறுபுறம் இரண்டாவது நிலையம். கப்பாபாஷிக்கு நடந்தே போகலாம். நரிட்டா விமான நிலையம் நகரிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கெய்செய் ஸ்கைலைனர் ரயில் சுமார் 40 நிமிடத்தில் உயேனோவில் கொண்டுவந்து விடும். மாம்பலம் நிலையத்தை ஒட்டி ரங்கநாதன் தெரு இருப்பதுபோல, உயேனோவுக்கும் ஒகாச்சிமாச்சிக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டி அமெயோகோ என்ற கடைத்தெரு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கள்ளச் சந்தையாகத் தோன்றி வளர்ந்தது. கூவி விற்கும் சத்தத்தைக் கேட்டால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

"நிஷி கசாயில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்களே, அங்கே தங்கினால் சாப்பாட்டுக் கவலை இல்லையே?" என்று சிலர் கேட்கிறார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறிய பகுதி அது. குடும்பத்தோடு வருடக்கணக்கில் இருப்பவருக்கு நல்ல இடம். நான்கு நாள் கொள்முதலுக்கு வருகிறவர் காலை நேரத்தில் அங்கிருந்து தோசாய் பாதையில் ஏற வேண்டும். டோக்கியோவிலேயே மிகவும் நெரிசலான பாதைகளில் அது ஒன்று. மாதிரிப் பெட்டியோடு ஏறிப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒகாச்சிமாச்சியில் இந்திய நகை வியாபாரிகள் இருப்பதால் அப்பகுதியிலும் இந்திய உணவகங்கள் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விடுதியில் காலை உணவு இலவசம் என்றால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஜப்பானியச் சமையலில் மீனை ஊறவைத்து எடுக்கும் தாஷி என்ற சாறு பல பண்டங்களில் கலந்திருக்கும். காய்கறி சூப் போலத் தெரிவதிலும் இருக்கும். மின்சார குக்கரை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைப்பதும் பயன்படாது. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கருக்கு ஐந்தில் ஒரு பங்கு சூடுகூட வராது. விடுதி அறையில் சமைக்கவும் விட மாட்டார்கள்.

அறைகள் மிகச் சிறியவை. 'பிசினஸ் ஹோட்டல்' எனப்படும் விடுதிகளில் ஒற்றை அறை 130 சதுர அடி இருந்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளலாம். 'செமி டபுள்' என்றால் சற்று அகலமான ஒரே கட்டில், இருவருக்கு. வாடகையையும் பல இடங்களில் ஆள் கணக்குப் பார்த்தே போடுகிறார்கள். அண்ணனும் தம்பியுமாகப் போகிறவர்கள் இரட்டைக் கட்டில் என்று தெளிவாகக் கேட்டு வாங்குவது நல்லது. புகை பிடிக்காத அறை வேண்டும் என்பதையும் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். அறைச் சாவி பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் தருவார்கள். பெட்டியை மட்டும் முன்பே வைத்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

விசா மனுவோடு ஒவ்வொரு நாளும் எங்கே தங்குகிறோம் என்ற பட்டியலும் கொடுக்க வேண்டியிருப்பதால் இதையெல்லாம் சென்னையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரத்தையும், ஆகஸ்ட் நடுப்பகுதியையும், புத்தாண்டையும் தவிர்த்துவிடுங்கள். கடைகள் மூடியிருக்கும், அறை வாடகையோ ஏறியிருக்கும்.

ஒசாகாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். துணி என்றால் செம்பா வட்டாரத்தில் ஹொன்மாச்சி, பாத்திரம் என்றால் நம்பா.

வாங்கிய சரக்கைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அலைய வேண்டாம். 1976இல் யமாட்டோ நிறுவனம் வீட்டுக்கு வீடு பார்சல் சேவையைத் தொடங்கியதிலிருந்து அங்கே இது சாதாரண நடைமுறை. விடுதி வரவேற்பில் கொடுத்தால் பெட்டியை விமான நிலையத்துக்கே அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்துவிடுவது உத்தமம். விமானம் ஏறும் அன்று காலையில் கொடுத்தால் பெட்டி டோக்கியோவிலேயே தங்கிவிடும்.