முறைப்பாடும் செபமாகலாம்: பதினான்கு அடிப் பாடம்



ஆண்டவரிடம் முறையிடுவது பாவமா? துயரம் நுழைந்த வீடுகளில் இக்கேள்வி எழுவதுண்டு. இதற்கு வழிகாட்டும் பா வகை ஒன்றை இன்று கற்போம். ‘சொனெற்’ என்பது அதன் பெயர். அதற்கு 14 அடிகள் உண்டு.

13ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் பிறந்த இவ்வடிவம், 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கினால் புகழடைந்தது. முதல் 8 அடிகள் ஒரு நிலைமையை அல்லது கேள்வியை முன்வைக்கும். 9ஆம் அடியில் எண்ணம் திரும்பும். எஞ்சிய 6 அடிகள் அதற்கு மறுமொழியாகும். தமிழிலும் பாரதியார் இவ்வடிவத்தை முயன்றார். அவரது ‘தனிமை இரக்கம்’ 1904இல் மதுரை ‘விவேகபாநு’ இதழில் வெளிவந்தது.

இயேசு சபைக் குருவான ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ், 1889 யூன் மாதம் இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், எரேமியா 12ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை முகப்பில் வைத்து ஒரு சொனெற் எழுதினார். தீயோர் தழைப்பதும் தம் முயற்சிகள் வீணாவதும் ஏன் என்று அதில் ஆண்டவரோடு வழக்காடுகிறார். கடைசி அடியிலோ தம் வேர்களுக்கு மழை தரும்படி அவரையே வேண்டுகிறார். வழக்குக்கு விடை கிடைக்கவில்லை. ஆயினும் அவர் வேறொருவரிடம் போகவில்லை.

இனி நீங்கள் எழுதுங்கள். கொழும்புத்துறைக் கரையில் மாலை வேளையில் நிற்பதாக எண்ணுங்கள். முதல் 8 அடிகளில் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: வெறுமையாய்க் கரையேறும் வலை, பேசாமல் நிற்கும் தொழிலாளர், அடுப்படியில் காத்திருக்கும் தாய். ‘ஐயோ’ என்று எழுத வேண்டாம். வெறும் வலையே அதைச் சொல்லும். 9ஆம் அடியை ‘ஆயினும்’ என்று தொடங்குங்கள். அதன் பின் ஆண்டவரை நேரே விளித்துப் பேசுங்கள். நம்பாத ஆறுதலை ஒட்டிவைக்காதீர்கள். மேனாட்டார் அடியின் இறுதியில் அமைக்கும் இயைபு நமக்குக் கட்டாயமன்று. நாற்சீர் அகவலடியும் எதுகை மோனையும் போதும்.

லூக்கா நற்செய்தி 5ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை என்பதையே இராயப்பர் முதலில் ஆண்டவரிடம் சொன்னார். அதன் பின்னரே அவர் சொற்படி வலையை இறக்கினார். அந்த முறைப்பாட்டுக்காக ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

அடுத்த முறை ஒரு நினைவு மலருக்குப் பா எழுத நேர்ந்தால், புலம்பலோடு நிறுத்திவிடாதீர்கள். புலம்பலை மறைக்கவும் வேண்டாம். எட்டு அடிகளில் உண்மையாய் அழுங்கள். ஆறு அடிகளில் அவரிடம் கேளுங்கள்.