நூல் நிலையமும் நம் தறியும்



பல்கலைக்கழக நூல் நிலையம் மாணவருக்கே உரியது. தறியில் அமர்பவர்க்கும் ஏர் பிடிப்பவர்க்கும் அங்கே வேலையில்லை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைத் தவறு என்பதை மஞ்சள் வழக்கு ஒன்றே விளக்கும்.

புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம். எனினும் அம்முறைக்கு 1995இல் அமெரிக்க அரசாங்கம், மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தாருக்குப் ‘பேடண்ட்’ என்னும் காப்புரிமையை வழங்கிற்று. நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதனை எதிர்த்தது. பிற நாட்டு வழக்கத்தைக் காட்ட அந்நாட்டுச் சட்டம் அச்சிட்ட சான்றையே கேட்டது, வாய்ச்சொல் போதவில்லை. பழைய வடமொழி நூல்கள், 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை முதலிய 32 சான்றுகள் முன்வைக்கப்பட்டன. 1997இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. அலமாரியில் உறங்கிய ஏடுகளே நாட்டின் பொருளைக் காத்தன என்பதை உணர்தல் வேண்டும்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் உள்ளது. கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை அந்நிறுவனம் 1997இல் கண்டது. காட்டுப்பாக்கத்தில் விவசாயிகளுக்கென வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. இத்தகைய இடங்களில் கண்டறிவது உழைப்பவன் கைக்கு வந்து சேர்ந்தால்தான் ஆராய்ச்சி பயன்பெறும். அங்ஙனம் சேர்ப்பதில் நூலகருக்குப் பெரும் பங்குண்டு.

ஓர் உதாரணம் கூறுவேன். கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடாக்களும், கரை நாடா எறிய உதவியாள் ஒருவரும் வேண்டும். உதவியாளின்றி நெய்ய ஒரு பொறியை நம் உறுப்பினர் அமைத்தார் எனக் கொள்வோம். அவர் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, அதனைச் சந்தையிலோ கண்காட்சியிலோ காட்டுவதற்கு முன் நூலகரை அணுகுதல். பலரும் அறிந்துவிட்ட பின் ‘புதிது’ என உரிமை கோருவது அரிது.

இரண்டாவது, முன்னரே எவரேனும் அதனைச் செய்துள்ளாரா எனக் காப்புரிமை ஆவணங்களில் தேடுதல். அவற்றைக் கணிப்பொறியில் கட்டணமின்றிப் படிக்கலாம். தேடும் முறையைக் கற்பிப்பது நூலகரின் கடமை.

மூன்றாவது, பிறர் உரிமை பெற்றிருப்பின் அதன் காலத்தை நோக்குதல். நம் நாட்டில் காப்புரிமை, மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகளே நிற்கும். பிறகு எவரும் அதனைக் கையாளலாம். ஒரு நாட்டில் பெற்ற உரிமை மற்றொரு நாட்டில் செல்லாது. இதை அறியாதார், இலவசமாய்க் கிடைப்பதற்கும் பணம் கொடுத்து ஏமாறுவர்.

தேடுதலில் ஏதும் தட்டுப்படாவிடில், சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்யலாம்.

நூல் நிலையங்களும் ஒன்று செய்தல் வேண்டும். ஆங்கிலத்தில் கிடக்கும் ஆராய்ச்சி முடிவுகளை எளிய தமிழில் சுருக்கி, சங்கங்களுக்கு அனுப்புதல் நலம். நாமும் வாளாவிருத்தல் ஆகாது. சாயம் காய்ச்சும் பக்குவம், பாவுக்குக் கஞ்சி போடும் முறை, விதை காக்கும் வழி ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு, தேதியிட்டு எழுதி, ஒரு படியை நூல் நிலையத்தில் சேர்ப்பீர்களாக. எழுதாத அறிவுக்குச் சாட்சி இல்லை.