குதிகால் வலியும் ஊசி மருந்தும்

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததுமே குதிகாலில் சுரீரென்று வலிப்பதாக வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சற்று நடந்தால் குறையும். நெடுநேரம் நின்றால் மீண்டும் வரும். வலி மாதக்கணக்கில் நீடித்தால், 'ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடாதா?' என்ற கேள்வி எழும். அந்த ஊசி உள்ளே என்ன செய்கிறது?

முதலில் ஒரு சோதனை. நாற்காலியில் அமர்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளையுங்கள். உள்ளங்காலின் வளைவு உயர்கிறதல்லவா? குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை, வில்லுக்கு நாண்போல, ஒரு திசுப்பட்டை ஓடுகிறது. விரல் வளையும்போது, உருளையில் சுற்றும் கயிறுபோல் அது இழுபடுகிறது. இதை 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். அடிதோறும் இழுபடும் இந்த நாண், குதிகாலுடன் சேருமிடத்தில் நைந்துபோவதே பெரும்பாலும் வலிக்குக் காரணம்.

பழக்கத்திலுள்ள ஊசி, கார்ட்டிசோன் வகை மருந்து. கார்ட்டிசோன் 1948இல் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 1950இல் அதன் ஆய்வாளர்கள் மூவர் நோபல் பரிசு பெற்றனர். இம்மருந்து அழற்சியை அடக்கும். ஆனால் நாட்பட்ட குதிகால் வலியில் அழற்சியைவிட இழைச் சிதைவே மிகுதி. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 50 திசு மாதிரிகளைப் பார்த்து இதையே கூறியது. எனவே ஊசியின் பயன் ஏறத்தாழ ஒரு மாதமே. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம். குதிகாலின் கொழுப்பு மெத்தையும் மெலியலாம்.

மற்றொரு முறையில் நோயாளியின் இரத்தத்தையே எடுத்து மையவிலக்குப் பொறியில் சுழற்றுகிறார்கள். 10 செ.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 250 மடங்கு! அடர்த்தி மிகுந்த சிவப்பணுக்கள் அடியில் படியும். தட்டணுக்கள் மேலேயுள்ள பிளாஸ்மாவில் தங்கும். இதைக் குதிகாலில் செலுத்தினால், தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் திசுவைச் சீராக்கும் என்பது எதிர்பார்ப்பு. சில ஆய்வுகளில் இது கார்ட்டிசோனைவிட நீடித்த பயன் தந்தது. வேறு சிலவற்றில் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை.

ஆகவே, வலி நின்றதால் நாண் தேறிவிட்டது என்று கருதிவிடக்கூடாது. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற காலணி, நிற்கும் நேரத்தைக் குறைத்தல் ஆகியவற்றாலேயே பெரும்பாலோர் ஓராண்டுக்குள் குணமடைகின்றனர். இவை பலிக்காதபோது மருத்துவர் ஆய்ந்து முடிவு செய்வதே ஊசி. வீட்டிலுள்ளோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: பொறி நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் முடுக்கம் எத்தனை மடங்காகும்?