கூதிர்காலத்திற்கு முன் இல்லத்தைச் சீரமைத்தல்: நுரையீரல் நோயாளர் குடும்பங்களுக்கான பாடம்

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று வழங்கினர். திருப்பூர் வட்டாரத்தில் அப்பெயர் இன்றும் பொருள் உடையது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான், மழை சிறிதே. மழையைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. அப்பருவம் சராசரியாக அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது.

ஆகவே, புரட்டாசி முடிவதற்குள் வீடு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோயால் ஏற்பட்ட தழும்பு ஆகியவற்றுடன் வாழ்வோர்க்கு வீட்டின் சுவரும் தொட்டியும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும். மருந்துச்சீட்டில் எழுத இயலாத அப்பகுதியை இக்கட்டுரை விளக்குகிறது.

1. ஈரச்சுவர்

ஈரமான சுவரில் பூஞ்சை வளர்கிறது. அதன் நுண்வித்துகள் காற்றில் பரவி மூச்சுக்குழலைத் தூண்டுகின்றன. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணிகளும் ஈரக்காற்றில் பெருகுகின்றன. மழை தொடங்கிய சில வாரங்களில் இரவு இருமலும் இளைப்பும் மிகுவதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள்.

சுவரின் மீது வண்ணம் பூசுவது இதற்குத் தீர்வாகாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதற்கு மூன்று குறிகள் உள்ளன. தரையிலிருந்து ஏறத்தாழ இடுப்பளவு உயரம் வரை சுவர் நனைந்து, மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். கூரையிலோ மேற்சுவரிலோ பழுப்பு வட்டங்கள் தோன்றினால், மொட்டை மாடியின் விரிசல், அடைபட்ட வடிகுழாய், நிரம்பி வழியும் மேல்தொட்டி ஆகியவற்றை ஆராய வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவர் மட்டும் ஊறியிருந்தால், குழாய்க் கசிவை ஐயுறலாம்.

ஐயம் தீராவிடில் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழ அளவுள்ள பிளாஸ்டிக் தாளை, நான்கு ஓரங்களும் மூடும்படி சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால், ஈரம் சுவருக்குள் உள்ளது. கொத்தனாரை அழைக்க வேண்டும். அறைப்பக்கத்தில் துளி இருந்தால், அது சமையல் ஆவியாலும் வீட்டுக்குள் காயவைக்கும் துணிகளாலும் உண்டானது; காற்றோட்டத்தைப் பெருக்கினால் போதும்.

விரிசலை அடைப்பதும் தட்டோட்டின் இடைவெளிகளைப் பூசுவதும் சுவர் உலர்ந்திருக்கும் புரட்டாசியிலேயே முடிய வேண்டும். ஈரச்சுவரில் பூசிய வண்ணம் சில வாரங்களில் கொப்பளித்து உரியும்.

பத்துச் சதுர அடிக்குக் குறைவான பூஞ்சையை வீட்டாரே அகற்றலாம். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் வித்துகள் அறையெங்கும் பரவும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அத்துணியை அப்புறப்படுத்துங்கள். துடைப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும். நோயாளர் அவ்வேளையில் வீட்டில் இருத்தல் கூடாது. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலவாதீர்கள். கலந்தால் வெளிப்படும் குளோரின் வாயு, நலமுள்ள நுரையீரலையே புண்ணாக்கும்.

2. பஞ்சுத் தூசி

நம் ஊரில் பல குடும்பங்கள் பிசிர் வெட்டுதல், செக்கிங், மடித்தல் போன்ற பணிகளை வீட்டிலேயே செய்கின்றன. ஓவர்லாக் எந்திரம் படுக்கையறையில் இருப்பதும் அரிதன்று. கோடையில் திறந்திருந்த சன்னல்கள் மழைக்காக மூடப்படும்போது, வெளியேறிக்கொண்டிருந்த பஞ்சுத் துகள் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நோய், வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதைக் கொண்டு அறியப்படுகிறது. அது பெரும்பாலும் பஞ்சரைப்பு, நூற்பாலைப் பணியாளர்க்கு வருவது. பின்னலாடைப் பணியில் அது குறைவாயினும், முன்னரே ஆஸ்துமா உள்ளவர்க்கு எவ்வகைத் துகளும் தொல்லையே. எனவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

நோயாளர் உறங்கும் அறையில் பீஸ் வேலையோ துணிக் கட்டோ வேண்டா. ஒரே அறை கொண்ட லைன் வீடாயின், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்த பின்னரே படுக்கையை விரிக்க வேண்டும். துடைப்பத்தால் உலரப் பெருக்குவதும், காற்றுக் குழலால் எந்திரத்தை ஊதுவதும் துகளை மீண்டும் எழுப்பும். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைச் சுவரோடு சாய்த்து வையாமல், பலகை மேல் வையுங்கள். ஈரம் உறிஞ்சிய மூட்டை பூஞ்சையின் விளைநிலமாகும். இலவம்பஞ்சுத் தலையணைகளை வெயில் உள்ள நாள்களில் உலர்த்தி, நெருக்கமான உறையிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆயுத பூசைக்காகவும் தீபாவளிக்காகவும் நடைபெறும் பெருந்துப்புரவு நல்லதே. ஆயினும் அந்நாளிலேயே இளைப்பு முற்றி அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளர் உண்டு. ஒட்டடை அடிக்கும் நாளிலும் வண்ணம் பூசும் நாள்களிலும் நோயாளரை உறவினர் இல்லத்திற்கு அனுப்புங்கள். வண்ணப்பூச்சு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிட்டால், வாடை அடங்க நாள் கிடைக்கும். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் நேரம் வரையறுக்கப்பட்டுள்ளது. அவ்வேளைகளில் சன்னல்களை மூடி, புகை அடங்கியபின் திறந்து வையுங்கள்.

3. சேமித்த நீர்

திருப்பூரில் நல்ல தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. எனவே டிரம்மிலும் தரைத்தொட்டியிலும் சேமிக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேமித்த அத்தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். அதாவது, ஒரு முறை தண்ணீர் வந்து மறுமுறை வருவதற்குள் ஒரு தலைமுறைக் கொசு பிறந்துவிட முடியும். 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர்.

இக்கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கிறது. அம்முட்டை நீரின்றியும் பல மாதம் உயிரோடிருக்கும். மழைநீர் பட்டதும் பொரியும். ஆகவே நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு டிரம்மையும் உட்புறம் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். குடிநீருக்கு இடும் அளவு பிளீச்சிங் பவுடர் நோய்க்கிருமிகளைக் கொல்லுமேயன்றிக் கொசு முட்டையை அழிக்காது.

காலி செய்ய இயலாத தொட்டியை இறுக மூடுங்கள். மீந்த பனியன் துணியால் வாய்கட்டும் வழக்கம் பலரிடம் உள்ளது. பின்னல் துணி இழுபடும்போது அதன் கண்கள் விரியும். நெருக்கமாக நெய்த வேட்டித் துணியே ஏற்றது. துணி தொய்ந்து நீரைத் தொடாமல் இருக்க வேண்டும். சாயப்பட்டறைகளிலிருந்து வாங்கிய வேதிப்பொருள் டிரம்களில் குடிநீரைச் சேமித்தல் எக்காரணம் கொண்டும் கூடாது.

குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, ஆட்டுக்கல் குழி, பழைய டயர், மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் அவ்வொரு நாளில் பாருங்கள். மேல்தொட்டி நீரைத் தூய்மைப்படுத்த 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடரைச் சிறிது நீரில் கரைத்து, தெளிந்த பகுதியை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கும் நீரைக் காய்ச்சி ஆறவைத்தல் நோயாளர்க்கு மேலும் பாதுகாப்பானது.

4. மின்சாரமும் விளக்கும்

ஈரச்சுவரில் பதித்த சுவிட்சுப் பலகை, கையடக்கக் கம்பியில் இழுத்த தையல் எந்திரம் ஆகியவற்றை மழைக்கு முன் மின்பணியாளர் சோதிக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துதல் உயிர்காக்கும் செலவு.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பயன்படுத்துவோர், மின்வெட்டின்போது எத்தனை மணி நேரம் இன்வெர்ட்டர் தாங்கும் என்பதை இப்போதே அளந்து பாருங்கள். மாற்றாக ஒரு சிலிண்டரை ஆயத்தமாக வையுங்கள். கார்த்திகை தீபத்தன்று ஆக்சிஜன் உள்ள அறையிலும் பஞ்சு மூட்டை உள்ள இடத்திலும் விளக்கேற்றலாகாது. பத்தடிக்கு அப்பால் வாசலில் ஏற்றுங்கள்.

நொய்யல், ஜம்மனை ஓடை ஆகியவற்றின் கரையோரத்தில் வாழ்வோர் 2011 நவம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை நினைவிற்கொண்டு, மருந்து, நெபுலைசர், மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றை நீர்புகாப் பையிலிட்டு உயரத்தில் வையுங்கள். ஒரு மாதத்திற்கு வேண்டிய மருந்து கையிருப்பில் இருக்கட்டும். இளைப்பு இல்லாத நாளிலும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். இன்புளுவென்சா தடுப்பூசி பயன்தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுபற்றி மழைக்கு முன்னரே மருத்துவரிடம் கேளுங்கள்.

5. குடிமாறுதலும் விற்றலும்

வீடு மாறுவோரும், வாங்குவோரும், விற்போரும் அறிய வேண்டியவை சில உள்ளன.

வாங்குபவர் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல் ஈரத்தையும் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் சென்று, பீரோவுக்குப் பின்னும் படிக்கட்டின் அடியிலும் முகர்ந்து பாருங்கள். ஒரு சுவருக்கு மட்டும் புதுவண்ணம் பூசியிருந்தால், காரணத்தைக் கேளுங்கள். இளைப்புள்ள குழந்தை உள்ள குடும்பத்திற்கு மேற்றளத்து வீடு பெரும்பாலும் தரைத்தளத்தைவிட உலர்ந்தது. ஆயினும் மூட்டுவலியோ மூச்சுத்திணறலோ உள்ள முதியவர் படியேற இயலுமா என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

வாடகைக்கு இருப்போர், கூரை ஒழுகலையும் சுவர் ஈரத்தையும் எழுத்து வடிவில் உரிமையாளரிடம் தெரிவியுங்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு வகையாகக் கூறப்படாவிடில், கட்டட அமைப்பின் பழுதுகளை நீக்குவது உரிமையாளர் பொறுப்பு.

விற்பனைக்காகப் பூட்டிவைத்த வீடு தெருவுக்கே கேடு விளைவிக்கக்கூடும். தரைத்தொட்டியை வற்றச்செய்து மூடுங்கள். கழிப்பறைக் கோப்பையையும் மேல்தொட்டியையும் மூடுங்கள். மாடியின் வடிகாலைத் திறந்து விடுங்கள். ஏடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே பறக்கும். உங்கள் பூட்டிய வீட்டில் பிறந்த கொசு அண்டை வீட்டுக் குழந்தையைத்தான் கடிக்கும்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. மருத்துவச் செலவுக்காகவே வீட்டை விற்க எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. முன்பணம் வாங்குவதற்கு முன் மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்திற்கு ஒரு முறை வாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பனியன் நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளியின் குடும்பத்தினர்க்கும், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கும் மருத்துவ உரிமை உண்டு. அதை அறியாமல் வீட்டை இழத்தல் கூடாது. நோயாளர் உலர்ந்த தம் இல்லத்தை விட்டு ஈரமான வாடகை அறைக்குப் பெயர்ந்தால், வீட்டை விற்றுப் பெற்ற நலமும் நில்லாது.

எப்போது உடனே வரவேண்டும்?

ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமை, உதடு நீலமாதல், மீட்பு இன்ஹேலருக்குப் பின்னும் இளைப்புத் தணியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 ஊர்தியை அழையுங்கள்.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினையும் ஐபுபுரூஃபனையும் நீங்களாக வாங்கிக் கொடாதீர்கள். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தவும் வேண்டா. டெங்குவில் காய்ச்சல் தணியும் 3 முதல் 7 வரையிலான நாள்களே இடர் மிக்கவை. காய்ச்சல் விட்டதென்று நிம்மதி கொள்ளும் அவ்வேளையில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதிக்கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இப்பாடத்தில் கூறிய பணிகள் அனைத்தையும் ஒரே நாளில் செய்ய இயலாது. இந்த வாரம் மொட்டை மாடியும் வடிகுழாயும், அடுத்த வாரம் படுக்கையறையும் மின்கம்பியும், பின்னர் வாரந்தோறும் தண்ணீர்த் தொட்டி என வகுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, மருந்துச்சீட்டோடு உங்கள் படுக்கையறைச் சுவரின் புகைப்படம் ஒன்றையும் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். சிகிச்சையை முடிவு செய்ய அதுவும் எங்களுக்குத் துணைபுரியும்.