பின்னொளியும் இரு கணக்குகளும்

காமாக்கதிர் வெடிப்பு பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். அதினின்று ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் பொருள் சூழ்ந்துள்ள வாயுவில் மோத, அதிர்வலை எழுகிறது. அங்கு முடுக்கப்பெறும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்திற் சுழன்று, எக்ஸ் கதிர் முதல் வானொலி அலை வரை உமிழ்வதையே பின்னொளி என்கிறோம். பாய்ச்சல் தளரத் தளர அது மங்கவேண்டும் என்பது கணக்கு. 1997இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோளின் துணையால் கண்ட முதற் பின்னொளி அவ்வாறே மங்கியது.

2017 ஆகஸ்ட் 17 அன்று கண்ட வெடிப்போ வேறு வகையினது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததால் விளைந்தது அது. அதன் எக்ஸ் கதிர்ப் பின்னொளி 9 நாள் கழித்தே தென்பட்டது. பின்னர் ஏறத்தாழ 150 நாள் வரை வளர்ந்தது!

காரணம் யாது? நம் பார்வைக் கோட்டினின்று விலகிப் பாய்ந்த ஒடுங்கிய தாரை எனலாம்; அது தளருந்தோறும் அதன் ஒளிக்கூம்பு விரிந்து நம்மை எட்டும். தாரை உள்ளேயே அடங்கிப்போக, அகன்று விரிந்த வெப்பக்கூடு எனவும் கொள்ளலாம். வியப்பு என்னவெனில், வளர்ந்த ஒளிக்கு இரு கணக்குகளும் பொருந்தின. வரைகோட்டோடு பொருந்தியதையே மெய்யெனக் கொள்ளும் அவசரம் நமக்கும் உண்டன்றோ?

வழக்கைத் தீர்த்தவை வானொலித் தொலைநோக்கிகள். 75ஆம் நாளுக்கும் 230ஆம் நாளுக்கும் இடையே ஒளிமூலம் வானில் நகர்ந்திருந்தது. ஒளியினும் 4 மடங்கு விரைந்ததாகத் தோன்றியது அந்நகர்வு. உண்மையில் ஒளியை விஞ்சிய வேகமன்று. ஒளியை ஒட்டிய வேகத்தில், நம்மை நோக்கிச் சற்றே சாய்ந்து வரும் தாரை அவ்வாறு தோன்றும். அகன்ற கூடு அங்ஙனம் நகராது.