மரத்தவளையைப் புதிய கூண்டிற் பழக்குதலும் உணவூட்டுதலும்

திருவனந்தபுரத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், கோடைக் காலத்தில் குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டி மூடியின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறத் தவளையைக் காணாதவர் சிலரே. மலையாளத்தில் 'மரத்தவள' எனப்படும் இதனைப் பிராணி நூலார் பாலிபீடேட்டஸ் மாகுலேட்டஸ் என்பர். விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத் தகடுகளும், தொடையின் பின்புறத்தில் மஞ்சட் புள்ளிகளும் இதன் அடையாளங்களாம். பெண் தவளை 7 அல்லது 8 சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். ஆண் அதனினும் சிறியது. திருவனந்தபுரம் அரசாங்கப் பொருட்காட்சி சாலையைச் சேர்ந்த எச். எஸ். பெர்குசன் என்பார் திருவிதாங்கூரின் தவளையினங்களைத் தொகுத்து, 1904-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதன் பின்னரும் இம்மலைநாட்டில் புதிய இனங்கள் அறியப்பட்டு வருகின்றன. பொன்முடியின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு தவளையினம் 2005-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

இத்தகைய தவளையொன்றை மாணவன் ஒருவன் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வகுப்பிற்குக் கொண்டுவருவது அரிதான நிகழ்ச்சியன்று. புட்டியில் இரண்டு ஈக்களையும் சிறிது சோற்றையும் இட்டு, தவளை உண்ணவில்லையே என்று அவன் வருந்துவான். சில நாட்களில் அது மெலிந்து இறந்துவிடுமாயின், தவளை வளர்க்கத் தகாத பிராணி என்னும் தவறான முடிவே வகுப்பில் எஞ்சும். ஆதலின் அது ஏன் உண்ண மறுக்கிறது என்பதை ஆசிரியர் முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதற் காரணம் அச்சம். மரத்தவளை பகலில் கால்களை உடலோடு ஒடுக்கி அசைவற்று உறங்கி, இருட்டிய பின்னரே இரை தேடுவது. நாற்புறமும் ஒளி புகும் புட்டியில் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. தப்பும் வழி தேடிக் கண்ணாடியில் மீண்டும் மீண்டும் மோதி மூக்கு நுனியைப் புண்ணாக்கிக் கொள்ளும் தவளை, உணவை நாடாது.

இரண்டாவது காரணம் அதன் கண்ணின் அமைப்பிலேயே உள்ளது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்து ஆராய்ந்த லெட்வின், மாட்டுரானா, மக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வர் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்கிற்று. தவளையின் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளுள் ஒரு வகை, சிறிய கரிய பொருளொன்று பார்வைப் புலத்தில் நகரும்போதே சிறப்பாகக் கிளர்ச்சியுறுகிறது. அசையாத பொருள் அதற்கு உணவாகத் தோன்றுவதில்லை. இறந்த ஈக்கள் குவியலாகக் கிடப்பினும் அவற்றின் நடுவே தவளை பட்டினியால் இறக்கும். சோறு, ரொட்டி, இறைச்சித் துண்டு ஆகியவற்றை இட்டுப் பயனில்லை என்பது இதனாற் பெறப்படும்.

கூண்டு அகலத்தைவிட உயரம் மிகுந்ததாக இருத்தல் வேண்டும். ஒரு தவளைக்கு 30 சென்டிமீட்டர் நீள அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் போதும். மேலே நெருக்கமான வலையிட்டு, மூன்று பக்கங்களைக் காகிதத்தால் மறைத்து, உள்ளே ஒரு மரக்கிளையும் அகன்ற இலையுடைய செடியொன்றும் வைக்கலாம். தரையில் மண்ணைவிட ஈரக் காகிதமே மேலானது. எச்சம் விழுந்தால் உடனே தெரியும். திருவனந்தபுரத்தின் தட்ப வெப்பத்தில் கூண்டிற்கு வெப்பமூட்டும் சாதனம் எதுவும் தேவையில்லை. ஆனால் வெயில் நேரே படும் சன்னலோரத்தில் வைக்கப்பட்ட கண்ணாடிக் கூண்டு ஒரு மணி நேரத்திற்குள்ளேயே தவளையைக் கொன்றுவிடக் கூடும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். தவளை வாயால் நீர் அருந்துவதில்லை; வயிற்றின் அடிப்புறத்திலும் தொடையிலும் உள்ள தோலின் வழியாகவே உறிஞ்சுகிறது. சுவாசத்திலும் ஒரு பகுதி தோலின் வழியே நடைபெறுகிறது. ஆகவே நீரிற் கலந்தது எதுவாயினும் தவளையின் உடலைச் சேரும். அருவிக்கரையிலிருந்து நகருக்கு வரும் குழாய்நீர் குளோரின் இட்டுத் தூய்மை செய்யப்படுவது. அதனை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். நல்ல கிணற்று நீர் இருப்பின் அதுவே சிறந்தது. ஆழமற்ற தட்டில் நீரை நாள்தோறும் மாற்றி, காலையும் மாலையும் இலைகளின்மீது தெளித்துவருக. சவர்க்காரம், கொசு மருந்து, தைலம் பட்ட கையால் தவளையைத் தொடுதல் கூடாது. தொட்ட பின்னரும் கையை நன்கு கழுவ வேண்டும். தவளையின் தோற்சுரப்பு கண்ணிற் பட்டால் எரியும், நோய்க் கிருமிகளும் இருக்கக் கூடும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் தவளையைத் தனியே விடுவதே செய்யத்தக்கது. மாணவர்களுக்கு இதுவே கடினமான பாடம். நல்ல உடலுடைய வளர்ந்த தவளை ஒரு வாரம் உண்ணாதிருப்பினும் கேடில்லை; குளிர் இரத்தப் பிராணியாதலின் அதன் உடற் செலவு குறைவு. அண்மையில் வால் நீங்கிய குஞ்சிற்கு இவ்விதி பொருந்தாது. அதனைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுதல் நலம்.

மூன்றாம் நாள் அந்தி வேளையில் விளக்கைத் தணித்து, உயிருள்ள சுவர்க்கோழி ஒன்றிரண்டைக் கூண்டினுள் விடுக. இரை, தவளையின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தினும் பெரிதாயிருத்தல் ஆகாது. சிறு கரப்பான், தத்துக்கிளி, விளக்கொளிக்கு வரும் அந்துப்பூச்சி, மழைக்குப் பின் பறக்கும் ஈசல் ஆகியவையும் ஏற்றவை. எறும்பும் மயிருள்ள கம்பளிப்புழுவும் வேண்டா. மருந்து தெளித்த இடத்திற் பிடித்த பூச்சியை ஒருபோதும் இடலாகாது. தவளை இரையை விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். கண் விழிகள் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. இதனை மாணவர் கண்டால் எளிதில் மறவார். உண்ணாத பூச்சிகளை இரவு முடிவில் எடுத்துவிட வேண்டும்; பசித்த சுவர்க்கோழி உறங்கும் தவளையின் தோலைக் கடிப்பதுண்டு. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை உணவிட்டாற் போதும். அப்போதும் உண்ணாவிடில், இடுக்கியாற் பூச்சியைப் பிடித்துச் சிறிது தொலைவில் மெல்ல அசைத்துக் காட்டலாம். வாயைப் பலவந்தமாகத் திறத்தல் தாடையை முறிக்கும்.

நெடுநாள் வைத்திருக்க நேரின் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு வளையும். நாட்டு மருந்துக் கடையிற் கிடைக்கும் கடல்நுரையை நுண்தூளாக்கிப் பூச்சியின்மேல் தூவுதல் இதற்குப் பரிகாரம். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்துவோர் உளரெனின் அது பெரும் பிழை. அது வாயை வேகச் செய்துவிடும்.

எச்சம் காணப்படுவதே தவளை உண்டு செரித்ததற்கு உறுதியான சான்று. இடுப்பெலும்பு துருத்துதல், பகலில் தரையிற் கிடத்தல், தொடையின் அடிப்புறம் சிவத்தல் ஆகியவை தீக்குறிகள். அவை தோன்றின் கால்நடை மருத்துவரை அணுகுக.

'தேரை பாய்ந்த தேங்காய்' என்றும், குழந்தையின்மேல் தேரை விழுந்தால் அது மெலியும் என்றும் கூறி, வீட்டிற்குள் வந்த தவளையை அடித்துக் கொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தேங்காயில் பருப்பின்றிப் போதல் மரத்தின் ஊட்டக் குறைவு முதலியவற்றால் நேர்வது. குழந்தை மெலிதல் உணவுக் குறைவாலும் நோயாலும் வருவது. தவளையோ இரவெல்லாம் கரப்பானையும் அந்துப்பூச்சியையும் உண்பது. கூண்டின் எதிரே அமர்ந்து அதனைப் பார்த்த சிறுவனுக்கு இதனைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

காட்டிற் பிடித்த தவளையைப் பள்ளியில் வைத்திருக்க எண்ணுவோர், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதன் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் கருதி, வனத்துறையினரை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். வீட்டுச் சுவரில் அகப்பட்ட தவளையாயினும் சில நாட்கள் நோக்கிய பின், பிடித்த அதே இடத்தில், மழை பெய்த மாலையில் விட்டுவிடுக. விலைக்கு வாங்கிய வெளிநாட்டுத் தவளையை எக்காரணம் கொண்டும் வெளியில் விடலாகாது. அது இருந்த தொட்டி நீரையும் குளத்திலோ ஓடையிலோ ஊற்றலாகாது. 1999-ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட கைட்ரிட் என்னும் பூஞ்சணம் தவளையின் தோலைத் தாக்கி, ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் பல இனங்களை அழித்தது. ஓரிடத்துத் தவளையை மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும் வாணிகமும் அது பரவ வழியாயிற்று. அத்தகைய தொட்டி நீரில் வெளுப்புத்தூள் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, பின்னர்க் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிடலாம்.