அவல் என்றால் பள்ளமா, பலகாரமா?

கேள்வி: ஒளவையாரின் புறநானூற்றுப் பாட்டில் ‘அவல்’ வருகிறதே, அது நாம் வெல்லமும் தேங்காயும் போட்டுச் சாப்பிடும் அவலா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: இல்லை. 187-ஆம் பாட்டில் வரும் அவல், பள்ளமான நிலம். அதற்கு எதிர்ச்சொல்லாக மேட்டைக் குறிக்கும் ‘மிசை’யும் அங்கேயே இருக்கிறது. நாடோ காடோ, பள்ளமோ மேடோ, ஆண்மக்கள் நல்லவர்களாக இருக்கும் இடமே நல்ல நிலம் என்று நாலே அடியில் சொல்லி முடித்துவிடுகிறார் ஒளவையார்.

பள்ளம் என்றதும் உங்கள் ஊர்ப்பக்கத்து வயல் நினைவுக்கு வரும். ஆனால், அவல் வயலாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அகநானூறு 154-இல் முல்லைக்காட்டில் மழை கொட்டி ஓய்ந்திருக்கிறது. நீர் தேங்கிய அவல்களில் வாயகன்ற தேரைகள், வாத்தியக் கோஷ்டி ஒன்று சேர்ந்து வாசிப்பதுபோலக் கத்துகின்றன. ஆக, மழைத்தண்ணீர் வழிந்து வந்து நிற்கும் தாழ்வான இடம் எதுவானாலும் அவல்தான்.

தின்னும் அவலும் சங்க காலத்திலேயே உண்டு. குறுந்தொகை 238-இல் பெண்கள் பச்சை அவலை இடித்துவிட்டு, உலக்கையை வரப்பில் கிடத்திவிட்டு விளையாடப் போகிறார்கள். எழுத்து ஒன்றுதான்; பொருளை இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பக்கத்தில் மேடோ மழையோ இருந்தால் பள்ளம், உலக்கை இருந்தால் உணவு!

நில அர்த்தம் இன்று பேச்சு வழக்கில் இல்லை. கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் ‘பள்ளம்’, ‘தாழ்நிலம்’ என்றே எழுதுங்கள்.